துடைக்காத நினைவகம்

அலுவலகத்தின் பின்னறையில் இருக்கும் அந்தப் பெட்டியைத் தொட்டுவிட்டு வந்தால் நான் சோப்புப் போட்டுக் கை கழுவுவேன். அதன் மேல் பல்லி எச்சம் காய்ந்திருக்கும். காற்றாடியில் யாருடையதோ தலைமுடி சுற்றியிருக்கும். கீழே உரக்கடை என்பதால் அறை முழுக்க ஒரு நெடி வேறு. ஆனால் நான் கழுவுவது அதற்காக இல்லை. உள்ளே என்ன ஓடுகிறது என்று எனக்குத் தெரியும், அதற்காக.

எங்கள் முதலாளி உத்திரமேரூரில் முதலில் கேபிள் டிவி நடத்தினார். இப்போது இன்டர்நெட்டும் கொடுக்கிறார். ஊருக்கும் சுற்றியுள்ள கிராமங்களுக்கும் போகிற வருகிற சேதி மொத்தமும் அந்த ஒரு பெட்டி வழியாகத்தான் போயாக வேண்டும். பெரிய கம்பெனிகள் இதற்கென்றே செய்த கருவி வைத்திருப்பார்களாம். எங்களுடையது சாதாரணக் கம்ப்யூட்டர், வயர் செருக நாலு துளை கூடுதல், அவ்வளவுதான். அதை அமைத்துக் கொடுத்தவன் சென்னைக்குப் போய்விட்டான். அவன் போன பிறகு அது என் தலையில் விழுந்தது.

நான் ஒன்பதாம் வகுப்பில் பாதியில் நின்றவள். கேபிள் வசூலுக்கு வந்து, ஃபைபர் ஒட்டக் கற்று, பெட்டி என்னிடம் வந்தபோது வீடியோ பார்த்துப் பார்த்துப் பழகிக்கொண்டேன். திரையில் வரும் இங்கிலீஷை விரல் வைத்துத்தான் படிப்பேன். பயந்த சுபாவம் இந்த வேலைக்கு உதவியது என்றே நினைக்கிறேன். கேஸை மூடினோமா என்று பஸ் ஸ்டாண்டு வரை போய்த் திரும்பி வருகிறவள் நான். பூட்டை இழுத்துப் பார்த்துவிட்டு, இழுத்ததில் திறந்திருக்குமோ என்று மறுபடி இழுப்பேன். வீட்டில் சிரிப்பார்கள். சிரிக்கட்டும்.

அந்தப் பெட்டிக்குள் கெர்னல் என்று ஒன்று இருக்கிறது. எல்லாவற்றுக்கும் அடியில் உட்கார்ந்துகொண்டு, யாருக்கு எந்த இடம் என்று பிரித்துக் கொடுப்பது அதுதான். ஒரு வீட்டிலிருந்து ஒரு துண்டுச் சேதி வந்தால், அதை வைக்க நினைவகத்தில் ஓர் இடம் கொடுக்கும். அது கிளம்பிப் போனதும் அதே இடத்தை அடுத்த வீட்டுச் சேதிக்குக் கொடுக்கும். நடுவில் துடைக்காது. பழையதன் மேலேயே எழுதிக்கொள் என்று விட்டுவிடும். புதியது பெரிதாக இருந்தால் பழையது மறைந்துபோகும். சிறியதாக இருந்தால் ஓரத்தில் பழையது மிச்சம் கிடக்கும்.

இதை முதன்முதலில் விளங்கிக்கொண்டபோது எனக்குக் கல்யாண மண்டபம்தான் ஞாபகத்துக்கு வந்தது. நான் பாயசத்தில் இருக்கும்போதே பின்னால் ஒருவர் என் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நிற்பார். அவர் மூச்சு என் பின்கழுத்தில் படும். நான் எழுந்ததும் இலையை வாரிக்கொண்டு போவார்கள். மேசையில் விரித்த பேப்பரை மாற்றாமலே அடுத்த இலை விழும். பேப்பரில் என் ரசத்தின் ஈரம் இருக்கும், நான் துப்பிய முருங்கைச் சக்கை இருக்கும். அவர் அதன் மேல் கையை ஊன்றி உட்காருவார். கேட்டால், ஆள் ஏராளம், பேப்பர் மாற்ற நின்றால் பந்தி நகராது என்பார்கள். கெர்னலும் அதே கணக்குதான் போடுகிறது. துடைத்துவிட்டுக் கொடு என்று அதற்கு ஓர் உத்தரவு போட முடியும். போட்டால் ஒவ்வொரு இடத்தையும் பூஜ்ஜியமாக்கிவிட்டுத்தான் கொடுக்கும். கண் இமைப்பதற்குள் ஆயிரக்கணக்கில் வந்து போகும் இடத்தில் அது பெரிய வேலை. வேகம் குறையும். அதனால் எங்கள் பெட்டியில் அதைப் போடாமலே வைத்திருந்தார்கள்.

போன வருஷம் வெயில் காலத்தில், பக்கத்து ஊரான திருப்புலிவனத்தில் ஒரு தெரு முழுக்க நெட் விட்டு விட்டு வருகிறது என்றார்கள். அந்தத் தெருவுக்குப் போகும் சேதிகளைக் கொஞ்சம் பிடித்துத் திரையில் விரித்துப் பார்த்தேன். வயரில் போகும் சேதி ஓர் அளவுக்குக் கீழே சின்னதாக இருக்கக் கூடாது. இருந்தால் வால் போல எதையாவது ஒட்டி நீட்ட வேண்டும். வெறும் பூஜ்ஜியமாக ஒட்டுவதுதான் ஒழுங்கு. எங்கள் பெட்டியில் சேதியை வயரில் ஏற்றி அனுப்பும், போர்டோடு வந்த மலிவான கார்டு, பக்கத்தில் கிடந்ததை எடுத்து ஒட்டிக்கொண்டிருந்தது. ஒரு வாலில் 'சாவி தொட்டியாண்ட' என்று இருந்தது. அடுத்ததில் 'தனியா தான் கீறே' என்று வெட்டுப்பட்டு நின்றது. தமிழை இங்கிலீஷ் எழுத்தில் அடித்தது.

திரையை மூடிவிட்டு, மறுபடி திறந்து, விரல் வைத்து இன்னொரு முறை படித்தேன்.

எங்கள் பக்கத்து ஜனங்கள் கேபிள்காரனை வெளியாளாக நினைப்பதில்லை. எங்கள் அலுவலகத்தின் இணையப் பக்கத்தில் புகார் எழுதச் சொன்னால், நெட் வரவில்லை என்று ஒரு வரியோடு நிறுத்த மாட்டார்கள். மாமியார் எத்தனை மணிக்குக் கொல்லைக்குப் போவாள், நாய் யாரைக் கடிக்கும், சாவி எங்கே இருக்கும், எல்லாம் எழுதுவார்கள். ஆள் இல்லாத நேரத்தில் திறந்து, பார்த்து, பூட்டி, சாவியை இருந்த இடத்தில் வைத்துவிட்டு வருவது எங்கள் வேலையில் ஒரு பாகம். இத்தனை நாளும் ஒரு பொருள் காணாமல் போனது கிடையாது. அந்த நம்பிக்கை முழுவதும் அந்தப் பெட்டியின் வழியாகத்தான் வருகிறது. அந்த இணையப் பக்கத்துக்குப் பூட்டு போடலாமே என்றால், அந்தப் பக்கமும் அதே பெட்டியில்தான் ஓடுகிறது, பூட்டு திறக்கப்படுவதும் அதற்குள்தான். திறந்த பிறகு எழுத்து எழுத்துதான்.

அந்த வாலில் இருந்தது யார் எழுதியது என்று தேட வேண்டியிருக்கவில்லை. காலையில் நானே படித்த புகார் அது. ஏரிக்கரைக்குப் பின்னால் ஒற்றை அறையில் குடியிருக்கும் தையல்காரி எழுதியது. அவள் புருஷன் திருப்புலிவனம். குடித்துவிட்டு அவள் கையைத் தையல் மெஷினில் வைத்து நசுக்கியவன். அவள் யாருக்கும் சொல்லாமல் உத்திரமேரூருக்கு வந்துவிட்டாள். லைன் கேட்டு வந்த அன்றே, எங்கே இருக்கிறேன் என்று யார் வந்து கேட்டாலும் சொல்லாதீங்கக்கா என்று கையைப் பிடித்துக்கொண்டாள். இப்போது அவள் சாவி வைக்கும் இடம் துண்டு துண்டாகப் போய்க்கொண்டிருந்தது அவன் தெருவுக்கு. அந்தத் தெருவில் அவன் வீட்டிலும் எங்கள் லைன்தான்.

அவனுக்கு இதெல்லாம் பார்க்கத் தெரியுமா என்றால், தெரியாது. அவன் தம்பி மகன் யாராவது விளையாட்டாகப் பார்ப்பானா என்றால், பார்க்க மாட்டான்தான். எனக்கு இந்தப் பதில்கள் போதாது. பார்க்கவே முடியாது என்று யாராவது சொல்ல வேண்டும். அப்படிச் சொல்ல ஆள் இல்லை.

அன்று மத்தியானமே துடைக்கும் உத்தரவைப் போட்டுப் பெட்டியை நிறுத்தி எழுப்பினேன். வால்களை மறுபடி பிடித்துப் பார்த்தேன். வரிசையாகப் பூஜ்ஜியம். நிம்மதியாக ஒரு டீ குடித்தேன். சாயங்காலம் வேகம் படுத்தது.

மறுநாள் முதலாளி வந்தார். அவருக்கு ரைஸ் மில்லும் உண்டு. காலையில் மில், பிறகுதான் இங்கே. கையில் மசால் வடை. தின்றுகொண்டே பின்னறைக்கு வந்து, எண்ணெய் விரலைப் பெட்டியின் மேல் மூடியிலேயே துடைத்தார். நான் பார்த்தும் பார்க்காததுபோல இருந்தேன்.

"இன்னாம்மா, பொட்டிய இன்னா பண்ண?"

"எடத்த தொடச்சிட்டுக் குடுக்கச் சொல்லிக்கீறேன்ண்ணே."

"தொடச்சியா? நேத்து மேட்சு. பந்து போடறவன் கைய தூக்கனான், தூக்கனபடியே நின்னுக்கினு கீறான். பந்து எப்ப வரும்னு ஊரே எனக்குப் போன் பண்ணுது. நானா பந்து போடறேன்?"

கூட வந்த லைன்மேன் சிரித்தான். ஏணியும் வயர்ச் சுருளுமாக எப்போதும் வண்டியில் திரிகிறவன். ஏரிக்கு அந்தப் பக்கம், ஊர் ஓரத்துக் குடியிருப்பைச் சேர்ந்தவன். "அக்கா பொட்டிய குளிப்பாட்டிக்கினு கீது சார். தல துவட்ட நேரமாவாதா?" என்றான்.

நான் விஷயத்தைச் சொன்னேன். தையல்காரி பெயரைச் சொல்லவில்லை, ஒரு பொம்பளையின் சாவி என்று மட்டும் சொன்னேன். கல்யாணப் பந்திப் பேப்பரையும் சொன்னேன். அவர் வடையை முடித்துக் கையை உதறினார்.

"எவம்மா பாக்கப் போறான்?"

"நான் பாத்தனேண்ணே."

"நீ பாக்காத."

இன்றைக்கும் அதை நினைத்தால் எனக்கு உடம்பு கூசுகிறது. கோபமாகச் சொல்லியிருந்தால்கூடப் பரவாயில்லை. சோற்றில் ஈ கிடக்கிறது என்றால், கண்ணை மூடிக்கொண்டு தின்னு என்பதுபோல, ஒரு நல்ல வழி காட்டுகிற முகத்தோடு சொன்னார்.

"வேற கார்டு மாட்டலாம்ண்ணே," என்றேன்.

"அது போர்டோட ஒட்டிக்கினு கீது. போர்டு மாத்தணும். அதுக்குத் துட்டு யாரு குடுப்பா? அந்தப் பக்கத்து நெட்டுக்காரன் வேற நம்ம ஊருக்குள்ள கம்பம் நட்டுக்கினு வரான், தெரியுமா? வேகம் போச்சுன்னா ஜனங்க அங்க போய்டும். அப்பறம் நீ யார் எடத்த தொடப்ப?"

 கார்டை ஓட்டும் நிரலைச் சரிசெய்ய முடியுமா என்று பார்த்தேன். செய்தவன் அதை மூடி முத்திரை வைத்துக் கொடுத்திருந்தான், உள்ளே கை போகாது. ஆக, வழி இரண்டுதான். எல்லாருக்கும் துடைப்பது, அல்லது யாருக்கும் துடைக்காதது.

அடுத்த சில நாட்கள் நாங்கள் இரண்டு பேரும் சின்னப் பிள்ளைகள்போல நடந்துகொண்டோம். காலையில் நான் உத்தரவைப் போடுவேன். சாயங்காலம் மேட்ச் தொடங்குவதற்கு முன்னால் அவர் மில்லில் இருந்தபடியே போனில் எடுத்துவிடுவார். அவரிடம் கடவுச்சொல் இருந்தது. ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளவில்லை. வாலைப் பார்த்தால் எனக்குத் தெரிந்துவிடும். பகல் முழுக்கப் பூஜ்ஜியம், சாயங்காலம் யார் வீட்டு எச்சிலோ. ஒவ்வொரு முறையும் பெட்டி செத்து எழுந்திருக்க வேண்டும். அந்த இடைவெளியில் எல்லார் வீட்டிலும் நெட் அறுந்தது. அறுந்தால் புகார் வரும். புகாரில் நாய் வரும், மாமியார் வருவாள், சாவி வரும். நான் துடைக்கத் துடைக்க அழுக்கு அதிகமாகிக்கொண்டு வந்தது.

தையல்காரியின் புகாரும் வந்தது. முன்பு நன்றாக வந்ததாம், இப்போது படம் நின்று நின்று வருகிறதாம், பேஜாராக இருக்கிறதாம். கடைசி வரியில் எழுதியிருந்தாள், சாவி அதே இடத்தில்தான் இருக்கிறது என்று. அவள் எழுதியது சாயங்காலம், முதலாளி உத்தரவை எடுத்த பிறகு.

மறுநாள் காலையில் உத்தரவைப் போட்டுவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு அவள் வீட்டுக்குப் போனேன். போகும்போது தொட்டியின் அருகே இருந்த கல்லைப் பார்த்தேன். தூக்கிப் பார்க்காமல் இருக்க முடியவில்லை. சாவி இல்லை. அவள் உள்ளேதான் இருந்தாள்.

அவள் பிழைப்பு பட்டணத்தில் ஒரு துணிக்கடையை நம்பியது. கடைக்காரர் ரவிக்கைத் துணி அனுப்புவார். இவள் தைத்து, போனில் வீடியோ போட்டு, கழுத்தையும் கையையும் காட்ட வேண்டும். சரி என்றால்தான் அனுப்பலாம். நான் போனபோது காட்டிக்கொண்டுதான் இருந்தாள். போனில் அந்த ஆளின் வாய் பாதி திறந்தபடி உறைந்து கிடந்தது. குரல் மட்டும் பின்னால் வந்தது.

"கழுத்த காட்டும்மான்னா கைய காட்டிக்கினு கீற?"

"கழுத்துதான் சார் காட்டறேன். அங்க வரலியா?"

"எனுக்கு உன் வூட்டு செவுருதான் வந்துக்கினு கீது."

அவள் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு, "வாக்கா, நல்ல நேரத்துல வந்த," என்றாள். நான் உட்காராமலே சொன்னேன். துடைப்பது, துடைக்காதது, வால், அவன் தெரு, எல்லாவற்றையும். அவள் கையில் இருந்த நூலைப் பல்லால் கடித்துத் துப்பினாள்.

"அப்ப நான் உங்களுக்கு எழுதனது அந்தத் தெருவுக்குப் போச்சா?"

"முழுசா போவல. துண்டு துண்டாதான்."

"துண்டு துண்டா வெட்டிப் போட்டா கறி இல்லன்னு ஆயிடுமாக்கா?"

நான் அவள் வாசல் கதவின் தாழ்ப்பாளை இழுத்துப் பார்த்தேன்.

"இப்ப மெதுவா வரது நீங்க தொடைக்கறதாலயா?"

"ஆமா. தொடச்சா உன் சாவி வெளிய போவாது. மெதுவாத்தான் வரும்."

"தொடைக்கலன்னா?"

"வேகமா வரும்."

அவள் நசுங்கிய விரல்களை மற்றக் கையால் நீவிக்கொண்டாள். "ஊர்ல அத்தன பேர் கீறாங்க. ரெண்டு பக்கமும் என் தலையிலயேவா வெடியணும்?" என்றாள். என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும்.

முதலாளியிடம் போய் ஒரு யோசனை சொன்னேன். மூலையில் கிடக்கும் பழைய பில்லிங் கம்ப்யூட்டரை இரண்டாவது பெட்டியாக்குகிறேன். துடைத்துக் கொடுக்க வேண்டும் என்று கேட்பவர்களை மட்டும் அதில் போடுகிறேன். அவர்கள் எழுதுவது மற்றப் பெட்டிக்கு வரவே வராது. அவர் உடனே ஒத்துக்கொண்டார். வாங்க வேண்டியது எதுவும் இல்லையே.

"யாருக்கெல்லாம் தொடைக்கணும்னு போன் போட்டுக் கேளு. கேக்கறவங்களுக்குத் தொட. கேக்காதவன் எச்சி அவனோட," என்றார்.

அவனோடு போனால் நான் ஏன் கவலைப்படுகிறேன், அடுத்தவன் இலைக்கல்லவா போகிறது என்று சொன்னேன். அவர் காதில் அது விழவில்லை.

போன் போட்டேன். தபால் பட்டுவாடா செய்கிறவர், மாட்டு டாக்டர் வீட்டம்மா, சீட்டு நடத்துகிற வாத்தியார், ரகசியம் இருக்கக்கூடியவர்களாகப் பார்த்துத்தான் போட்டேன். எல்லாரும் முதலில் ஒன்றே கேட்டார்கள்: வேகம் குறையுமா? குறையும் என்றதும், எங்களிடம் மறைக்க என்ன இருக்கிறது என்றார்கள். முந்தின நாள்தான் பீரோ சாவி எந்த டப்பாவில் என்று எழுதியவர் அதில் ஒருவர். மாட்டு டாக்டர் வீட்டம்மா மட்டும், "எங்க வூட்ட நாங்களே தொடச்சிப்போம்மா, நீ நெட்ட குடு," என்று சொல்லிவிட்டு அவர்களே சிரித்துக்கொண்டார்கள். எனக்கு அவர்கள்மேல் இருந்த கொஞ்சம் மரியாதையும் அன்றோடு போனது. இவர்களுக்காக நான் ஏன் வாலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன் என்று இருந்தது.

கடைசியில் பெரிய பெட்டியில் துடைப்பதை விட்டேன்; துடைக்கும் பழைய பில்லிங் பெட்டியில் சேர்ந்தது தையல்காரி வீடும் என் வீடும்தான். வயர் மாற்ற வந்த லைன்மேன், இரண்டே வயர் செருகிய பெட்டியைச் சுற்றி வந்து பார்த்தான்.

"இன்னாக்கா, டீக்கடையில எங்க ஆளுங்களுக்குத் தனி கிளாஸ் வெச்சா மாதிரி கீது."

"அது வேற, இது வேறடா. இது நல்லதுக்கு."

"அவங்களும் அப்படித்தான் சொல்லிக்கினு இருந்தாங்க," என்று சொல்லிவிட்டு ஏணியைத் தூக்கிக்கொண்டு போனான். விளையாட்டுக்குத்தான் சொன்னான். ஆனாலும் எச்சில், துடைப்பது என்று நான் வாய் ஓயாமல் சொல்லிக்கொண்டிருந்த வார்த்தைகள் இந்த ஊரில் யார் யாரை எங்கே நிறுத்தின என்று எனக்குத் தெரியாதா. அன்றைக்கு என் வாயே எனக்கு நாறியது.

பழைய பெட்டி மெதுவாகத்தான் ஓடியது. துடைப்பதால் ஒரு பங்கு, வயசால் ஒரு பங்கு. தையல்காரி அதற்கும் பழகிக்கொண்டாள். ரவிக்கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, படம் அங்கே போய்ச் சேரும் வரை மூச்சுகூட விடாமல் நிற்பாள். ஃபோட்டோக் கடையில் நிற்பதுபோல. கடைக்காரர் அதையும் பொறுக்கவில்லை. வெளிச்சத்தில் திருப்பிக் காட்டச் சொன்னால் திருப்புவது தெரிய வேண்டும், இல்லாவிட்டால் செங்கல்பட்டில் வேறு ஒருத்தி இருக்கிறாள், அவளிடம் கொடுத்துவிடுகிறேன் என்றார். அதை அவள் எழுதவில்லை. நடந்தே அலுவலகத்துக்கு வந்து சொன்னாள். நான் சொன்னபடி அவள் எழுதுவதையே நிறுத்தியிருந்தாள்.

"முன்ன இருந்த வேகமான லைன்லயே போட்டுடுக்கா. சாவிய இனிமே இடுப்புல வெச்சிக்கிறேன். நான்தான் ஒண்ணும் எழுதறது இல்லியே. எழுதனாதான போவும்?"

எழுதாவிட்டாலும் போகக்கூடியது வேறு என்னென்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. அதுதான் என் பயமே. வாலில் வந்ததை நான் பார்த்துவிட்டேன், அதனால் தெரியும். பார்க்காத ஓட்டை எது என்று யாருக்குத் தெரியும்? துடைப்பது அதற்காகத்தானே. சொன்னேன். அவள் பொறுமையாகக் கேட்டாள்.

"பயந்தா சோறு யாருக்கா போடுவா?"

அவள் வீட்டு வயரைப் பழைய பெட்டியிலிருந்து நானே பிடுங்கி, அந்த எண்ணெய் விரல் பெட்டியில் செருகினேன். செருகிவிட்டு அவளோடு அவள் வீட்டுக்கும் போனேன், சரியாக வருகிறதா என்று பார்க்க. அவள் கடைக்காரரைக் கூப்பிட்டாள். படம் கண்ணாடிபோல வந்தது.

"ஆங், இப்ப சூப்பரா கீதும்மா. தையல் தையலா தெரியுது," என்றார் அவர். ரவிக்கையைத் திருப்பினாள், திருப்பியது தெரிந்தது. பிறகு அவர், "பின்னால இன்னா அது, ஏரிக்கரையா? அந்தப் பனமரம் ரெண்டும் எனுக்கே தெரியுதே. எந்த ஊர் ஏரிம்மா?" என்றார். சும்மா, பேச்சுக்குத்தான் கேட்டார்.

அவள் ஜன்னலைத் திரும்பிப் பார்த்தாள். நெட் அறுந்ததுபோல விரலால் போனை அணைத்தாள். துணி மூட்டையிலிருந்து லைனிங் துணியை எடுத்து, ஒரே இழுப்பில் இரண்டு முழம் கிழித்து, ஜன்னல் முழுக்க மூடி ஆணியில் மாட்டினாள். அறை இருண்டது. நடுப்பகலில் விளக்கைப் போட்டுக்கொண்டு மறுபடி போனைக் கையில் எடுத்தாள்.